எதிர்பார்த்த தோல்வி

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், ஞாயிற்றுக்கிழமை என்றால் லண்டன் பிளேஸ்டோவில் எங்கள் வீட்டுப் போன் யாருக்கும் கிடைக்காது. இன்டர்நெட்டுக்காக லைனை நான் பிடித்து வைத்திருப்பேன். கணினியில் எழுதவும் பக்கம் அமைக்கவும் ஒரு பெரிய புரோகிராம் இருந்தது. பல நாட்டு ஆட்கள் சம்பளமில்லாமல் சேர்ந்து எழுதியது, யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். அவர்கள் அனுப்பும் மாற்றங்களை மெயிலில் இறக்கி, மூலக் கோட்டோடு சேர்த்து, சோதனைகளை ஓட்டி, எதுவும் உடையவில்லை என்றால் உள்ளே விடுவது என் பொறுப்பு. கிழமை நாட்களில் ஒரு காப்புறுதிக் கம்பனியிலும் கோட்தான் எழுதினேன். ஞாயிறும் இதுதானா என்று கணவர் முகத்தைச் சுளிப்பார்.

அந்தச் சோதனைகளில் ஒன்று நான் எழுதியது. அந்தக் காலத்துத் தமிழ் எழுத்துருக்களில் 'பெ' என்பது கணினிக்கு இரண்டு துண்டு. முதலில் ஒற்றைக்கொம்பு, பிறகு ப. பக்க ஓரத்தில் இரண்டையும் பிரித்தால் கொம்பு இந்த வரியில் தொங்கும், ப அடுத்த வரிக்கு ஓடிவிடும். அப்படிப் பிரிக்காமல் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் என் சோதனை.

புரோகிராம் எழுதுகிறவர்களில் பெயர்போன ஒருவர் ஒரு மாற்றம் அனுப்பினார். வரிகளை மடிக்கும் வேலையை வேகமாக்கிவிட்டாராம். அவர் அனுப்பினால் மற்றவர்கள் சோதிக்காமலே சேர்ப்பார்கள், அப்படியொரு பக்தி. நான் சோதித்தேன். தமிழைத் தவிர எல்லாம் தேறின. ஐரோப்பிய எழுத்து அல்லாத எதையும் அம்புக்குறி, நட்சத்திரம் மாதிரி ஓர் அலங்காரம் என்று எடுத்து, எங்கே வேண்டுமானாலும் வெட்டலாம் என்று எழுதியிருந்தார். என் மொழி அந்த மனிதருக்கு நட்சத்திரக் குறி!

சேர்க்க முடியாது என்று எழுதினேன். திட்டத்தின் தலைவர், நான் ஒருநாளும் நேரில் கண்டிராத ஒருவர், பதில் போட்டார். வெள்ளிக்கிழமை புதிய பதிப்பு வெளிவர வேண்டும், தமிழ்ச் சோதனையை 'எதிர்பார்த்த தோல்வி' பட்டியலில் போட்டுவிடுங்கள் என்றார். அந்தப் பட்டியலில் இருப்பது தோற்றாலும், எல்லாம் சரி என்றே கணினி சொல்லும். யார் எதிர்பார்த்தது? நானா? போடமாட்டேன் என்றேன். அவரே போட்டார். மாற்றத்தையும் அவரே சேர்த்தார்.

சவுத்தாலில் அச்சுக்கூடம் வைத்திருந்த ஓர் அண்ணை எங்கள் புரோகிராமில்தான் கல்வெட்டு அடிப்பார். செத்தவரின் முப்பத்தோராம் நாளுக்கு வருகிறவர்களிடம் கொடுக்கும் நினைவுப் புத்தகத்தை நாங்கள் கல்வெட்டு என்போம். புதிய பதிப்பைத் தொடாதீர்கள் என்று சொல்ல அவருக்குப் போன் எடுத்தேன். எந்நேரமும் பிஸி. பல தடவை முயன்று, பதிப்பு வெளியாகிச் சில கிழமைகளுக்குப் பிறகுதான் அவரைப் பிடித்தேன்.

"ஐயோ தங்கச்சி, அதைப் போட்டு ஒரு கல்வெட்டும் அடிச்சுக் குடுத்திட்டன். நீங்கள்தானே உது நல்ல சாமான் எண்டு சொன்னனீங்கள்?"

கடைக்கு ஓடினேன். முதற் பக்கத்தில், இறந்துபோன தாய்க்கு மகன் எழுதிய வரி. 'எங்களைப்' என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு கொம்பு தனியே தொங்கியது. அடுத்த வரி 'பற்ற தாயே' என்று தொடங்கியது.

"பெத்த தாயைப் பத்த வைச்சிட்டியள் எண்டு மகன் சபையிலை வைச்சுக் கத்தினார். கம்பியூட்டர் பிழை எண்டு நான் அவருக்கு என்னெண்டு சொல்லுறது?" என்றார் அண்ணை.

அந்தப் பக்கத்தை ஸ்கேன் செய்து தலைவருக்கு அனுப்பினேன். பதில் இவ்வளவுதான்: 'எந்த வரியில் பிழை? எனக்கு எல்லாம் சரியாகத்தான் தெரிகிறது.'

இந்த மனிதரா எங்கள் எழுத்துக்குத் தீர்ப்புச் சொன்னது! அன்றே அந்தப் பட்டியலிலிருந்து தமிழை எடுத்தேன். அதற்கு எனக்கு உரிமை இருந்தது. அதன்பிறகு எந்த நாட்டில் யார் சோதனையை ஓட்டினாலும் தோல்வி என்றே வந்தது, யாருடைய மாற்றமும் உள்ளே போகவில்லை. மெயிலில் திட்டித் தீர்த்தார்கள். ஒரு சின்ன மொழிக்காக எல்லோரையும் மறிக்கிறாள் என்றார்கள். ஆமாம், மறித்தேன். வேறு வழியில்லாமல் அந்தப் பெயர்போனவர் மறுநாள் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே திருத்தி அனுப்பினார். இரண்டு மூன்று வரி வேலை. குறிப்பில் 'அழகுக்காக ஒரு சிறு திருத்தம்' என்று எழுதியிருந்தார். பல்லைக் கடித்துக்கொண்டு அதைச் சேர்த்தேன்.

திருத்தியதை நானே கொண்டுபோய் அண்ணையின் கணினியில் போட்டேன். அவர் கல்வெட்டை மறுபடி அடித்து, குட்மேய்ஸில் இருந்த மகன் வீட்டுக்குக் கொண்டுபோனார். நானும் கூடப் போனேன். மகன் கதவடியிலேயே நின்று முதற் பக்கத்தை வாசித்தார். அவர் கத்தியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"இப்ப சரியாத்தான் கிடக்கு, அண்ணை," என்றார். "ஆக்கள் எல்லாரும் வந்திட்டுப் போயிட்டினம். இதை இனி ஆருக்குக் குடுக்கிறது?"