வாசல் தூணில் நான் அடித்த ஆணி

ஊட்டியில் நான் முதன்முதலாக வேலை பார்த்த பல்கலைக்கழக அருங்காட்சியகத்தின் வாசலில், இடப்பக்க மரத்தூணில் ஒரு ஆணி இருக்கிறது. எண்ணெய் பூசிப் பளபளவென்று நிற்கும் பழைய தூண் அது. தோள் உயரத்தில் அந்த ஆணி கொஞ்சம் கோணலாகத் துருத்திக்கொண்டிருக்கும். அதை அடித்தது நான். அவசரத்தில் அடித்ததால்தான் கோணல்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். நெல்லியாளம் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தேன். அம்மா சீக்கிரமே இறந்துவிட்டதால் அப்பாவின் அக்காதான் என்னை வளர்த்தார். அத்தை இலங்கையிலிருந்து சிறு பிள்ளையாக இங்கே வந்தவர். வந்த நாளிலிருந்து கொழுந்துதான் பறித்தார். கொழுந்து பறிக்கும்போது ஈரமும் கிளைகளும் படாமல் இருக்க இடுப்பைச் சுற்றித் தடித்த சாக்கு ஒன்றைக் கட்டுவார்கள். படங்கு என்று பெயர். மாலையில் மலையிலிருந்து இறங்கியதும், நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயத்தில் எல்லா வீட்டு வாசலிலும் வெளிச்சுவரில் அடித்த ஆணியில் படங்கு தொங்கும். சொட்டச் சொட்ட, அட்டைப்பூச்சிகளோடு தொங்கும். யாரும் அதைக் கட்டிக்கொண்டு படி தாண்டிப் பார்த்ததில்லை. மலையில் நடந்த வேலையும் வசவும் அந்த ஆணியோடு நின்றுவிட வேண்டும். வீட்டுக்குள் போகிறவள் வேறு ஆள்.

நான் ஏழாம் வகுப்பு படித்தபோது பள்ளியில் பெற்றோர் கூட்டத்துக்கு அழைத்தார்கள். அத்தை மலையிலிருந்து நேராக வந்தார். கேட்டுக்கு வெளியே நின்று படங்கை அவிழ்த்து, சுருட்டி, செம்பருத்தி வேலிக்குள் செருகி, முகம் துடைத்து, பிறகுதான் உள்ளே வந்தார். கூட்டம் முடிந்து போய்ப் பார்த்தால் படங்கைக் காணோம். மறுநாள் ஒரு உரச் சாக்கைக் கட்டிக்கொண்டு மலைக்குப் போனார். இடுப்பைச் சுற்றி எழுத்துகள். பக்கத்து நிரையில் பறிப்பவள் விடவில்லை.

"என்னாக்கா, உரத்தோட சேர்த்து உன்னையும் தூவப் போறாங்களா?"

"தூவட்டுமே. செடி என் மருமக மாதிரி நெடுநெடுன்னு வளரும்."

அந்தப் பதிலோடுதான் நான் கல்லூரிக்குப் போனேன். பிறகு அருங்காட்சியகத்தில் கண்காட்சி உதவியாளர் ஆனேன். படம் மாட்டுவது, விளக்கைத் திருப்புவது, வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்வது என் வேலை. ஒப்பந்த வேலைதான், நிரந்தரமாகும் என்று சொல்லியிருந்தார்கள். அந்த வருடத் தற்காலக் கலைக் கண்காட்சிக்குச் சென்னையிலிருந்து ஓர் ஓவியர் வந்தார். தேயிலைச் செடியின் வேர்களைச் சுவர் அளவுக்கு வரைந்திருந்தார். நல்ல ஓவியங்கள், இன்றும் அப்படித்தான் சொல்வேன். கூடத்தின் நடுவில் ஒரு வெள்ளை மேடை, அதன்மேல் ஒரு நாற்காலி. திறப்பு விழா முழுவதும் உண்மையான தோட்டத் தொழிலாளி ஒருவர் அதில் பேசாமல் உட்கார்ந்திருக்க வேண்டும், மக்கள் சுற்றிவந்து பார்க்க வேண்டும் என்பது அவர் திட்டம். என் அத்தை வருவார் என்று நானே சொன்னேன். நான் வேலை செய்யும் இடத்தை அவர் பார்க்க வேண்டும் என்ற ஆசைதான்.

அத்தை வந்தார். கத்தரிப்பூ நிறப் பட்டு, அதன் மேல் சிவப்பு ஸ்வெட்டர், தலையில் டிசம்பர் பூ, கையில் பை, முகத்தில் தாராளமாகப் பவுடர். ஓவியர் என்னைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார்.

"அம்மா, சாதாரணமா வாங்கன்னுதானே சொல்லி அனுப்பினேன்."

"நான் ஊட்டிக்கு வாரதே இப்படித்தான் தம்பி."

ஏதோ ஒரு தோட்டத்தில் வாங்கிவந்த பழைய படங்கை ஓவியர் நீட்டினார். அத்தை அதைத் தொடவில்லை.

"இதக் கட்டிக்கிட்டு எங்க லயத்து வாசப்படியே தாண்ட மாட்டோம். இம்மாம் பெரிய பங்களாவுக்குள்ள கட்டச் சொல்றீங்களே. நீங்க பெயின்ட்டு பூசுற சட்டையிலயா வந்திருக்கீங்க?"

வெள்ளை ஜிப்பாவில் இருந்த ஓவியர் சிரிக்கப் பார்த்தார், சிரிப்பு வரவில்லை. அருங்காட்சியகத்தின் தலைவர், கோயம்புத்தூர்க்கார மேடம், என்னை ஓரமாக அழைத்தார்.

"ஏனுங்க, உங்க அத்தைதானுங்களே, கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க. அடுத்த மாசம் உங்க வேலையைப் பத்தியும் பேசோணுமல்லங்க."

"சொல்ல மாட்டேன் மேடம்."

ஓவியர் கேட்டுக்கொண்டிருந்தார். "சரி, நீங்களும் எஸ்டேட்தானே? நீங்க கட்டிக்கிட்டு உட்காருங்க. இன்னும் பொருத்தமா இருக்கும்."

கழுத்தில் அடையாள அட்டையும் கையில் சுத்தியலுமாக நின்றிருந்தேன். படங்கை அவர் கையிலிருந்து வாங்கினேன். நான் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்றே நினைத்திருப்பார். நேராக வாசலுக்கு நடந்தேன். அங்கே வைத்திருந்த என் கருவிப் பெட்டியிலிருந்து ஓர் ஆணியை எடுத்துத் தூணில் அடித்து, படங்கை மாட்டினேன்.

"சார், இதோட இடம் இதுதான்."

பிறகு மேடைமேல் இருந்த நாற்காலியை இறக்கி, விருந்தினர் வரிசையில் முதலாவதாகப் போட்டேன். அத்தை தயங்கவே இல்லை. பையை மடியில் வைத்து உட்கார்ந்து, காபி எப்போது தருவார்கள் என்று பக்கத்தில் இருந்த பேராசிரியரிடம் கேட்டார்.

சாரல் விழுந்துகொண்டிருந்தது. வந்தவர்கள் எல்லோரும் அந்த ஈரச் சாக்கைத் தாண்டித்தான் உள்ளே வந்தார்கள். வந்து பார்த்தால் காலி மேடை. பலர் திரும்பி வாசலுக்கே போய்ப் படங்கின் முன்னால் நின்றார்கள். ஓவியரைப் பாராட்டினார்கள். அவர் மறுக்கவில்லை. பின்னால் வந்த அவருடைய புத்தகத்தில் அந்தத் தூணின் புகைப்படம் முழுப் பக்கத்துக்கு இருக்கிறது, அவருடைய படைப்பு என்று. அடுத்த மாதம் என் ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை. காரணமும் சொல்லவில்லை. நானும் போய்க் கேட்கவில்லை.

இப்போது வேறு ஊரில் வேறு அருங்காட்சியகத்தில் இருக்கிறேன். அங்கே காட்சிகளை அமைக்கிறவள் நான். அந்தப் புகைப்படத்தைப் பற்றி நண்பர்கள் கேட்கும்போது, படைப்பு அவருடையதாகவே இருக்கட்டும், ஆணி என்னுடையது என்கிறேன். விளையாட்டுக்குச் சொல்வதில்லை.

போன மாதம் விடுமுறையில் ஊருக்குப் போனபோது, ஊட்டி அருங்காட்சியகத்தில் புதிய கண்காட்சி என்று அத்தையை அழைத்துப் போனேன். அதே கத்தரிப்பூ நிறப் பட்டு, அதே ஸ்வெட்டர். தூணுக்குப் புதிதாக எண்ணெய் பூசியிருந்தார்கள், ஆணியைப் பிடுங்காமல். காவலாளி தன் மழைக்கோட்டை அதில் மாட்டியிருந்தார். அத்தை ஆணியை அசைத்துப் பார்த்தார்.

"கோணலா அடிச்சாலும் கெட்டியாத்தான் அடிச்சிருக்கடி."

ஈரக் குடையை மழைக்கோட்டின் மேலேயே மாட்டினார். பட்டின் மடிப்பை நீவிவிட்டார். எனக்கு முன்னால் படியேறி உள்ளே போனார்.