கோட்டை வாசலில் நின்ற மதுரை மகால்

பிற்பகல் 1.50. பேருந்து நிலையத்திலிருந்து முன்னூறு ரூபாய் ஓட்டோவில் வந்து திருகோணமலைக் கோட்டை வாசலில் இறங்கினேன். முதலில் கண்டது மதுரை நாயக்கர் மகாலை. லொறியின் மேல் ஒரு பலகை மண்டபம்: நான்கு பருத்த வெள்ளைத் தூண்கள், இலை விளிம்பு வளைவுகள், தட்டையான கூரை. கூரையின் மூலைகள் வாசல் வளைவின் இரு பக்கமும் முட்டி, லொறி நின்றுவிட்டது.

மாலை ஐந்தரைக்கு மலைமேல், கோணேசர் கோயில் முன்றலில் நடன நிகழ்ச்சி; அதன் மேடைக்கு இந்த மண்டபம் போய்ச் சேர வேண்டும். செய்தவர் மூதூர்த் தச்சர் அன்சார். நகரத்தில் அவருக்குக் கிடைத்த முதல் வேலை.

“நானா, வாசலை அளந்தனான் எண்டீங்களே?” என்று அன்சாரைக் கேட்டார் லொறிச் சாரதி செல்வம், லிங்கநகர்க்காரர். மூத்த முஸ்லிம் ஆண்களை இங்கே ‘நானா’ என்றுதான் அழைப்பார்கள்.

“ஓம் தம்பி. நடுவில தடி வச்சு அளந்தனான்.”

“வளைவுக்கு நடுவும் ஓரமும் ஒரே உயரமோ?”

அன்சார் தடியை எடுத்துப் போய் வளைவின் ஓரத்தில் வைத்துப் பார்த்தார்.

வாசல் அழகானது, இறுக்கமானது. உச்சியில் 1675 என்ற ஒல்லாந்தர் கால ஆண்டு. பக்கக் கல்லில் தமிழ் எழுத்தும் பாண்டியரின் இரட்டைக் கயலும். போர்த்துக்கேயர் இடித்த பழைய கோயிலின் கல் என்பார்கள். மதுரை மகாலும் அதே நூற்றாண்டுக் கட்டடம்தான். அங்குள்ள தூண்களை ஒருவர் கட்டிப்பிடிக்க முடியாது. உள்ளே செங்கல், வெளியே முட்டை வெண்கரு சேர்த்த சுண்ணச்சாந்து. பளிங்கென்றே கை நம்பும். அன்சார் அதை நேரில் பார்த்தவர்.

“மனுசிக்குக் கண் காட்டப் போன இடத்தில பாத்தனான்” என்றார். “மனுசி ஆஸ்பத்திரியில, நான் மகால்ல.”

“தூணை அறுத்து ரெண்டாக் கொண்டுபோவம், நானா.”

“ஏலாது! மகால்ல ஒரு பொருத்தாவது கண்ணுக்குத் தெரியுதா? மூணு கிழமை பட்டி பூசித் தேய்ச்சனான்.”

மகாலில் இன்று எஞ்சியிருப்பது கால்பங்கு அளவுதான், கட்டிய மன்னரின் பேரனே மற்றப் பகுதிகளைப் பிரித்துத் திருச்சிக்குக் கொண்டுபோனார் என்று நான் சொன்னேன்.

“சொந்தப் பேரனோ?” என்றார் அன்சார்.

“ஓம்.”

“அந்தாளுக்கும் வாசல் இடிச்சிருக்கும்” என்றார் செல்வம்.

அன்சார் சிரிக்காமல் மரமறுக்கும் வாளை எடுத்தார். “தள்ளி நில். வெட்டுறதெண்டா நான்தான் வெட்டுவன்.”

2.40க்கு மண்டபத்தின் மேல்பாதி லொறியிலிருந்து இறங்கியது. லொறி இரண்டு தடவை மலையேறியது. வெற்றுத் தூண்களுக்குள் கட்டை செருகி, ஆணி முடுக்கி, 4.50க்கு மண்டபத்தை நிமிர்த்தினார்கள். பின்னால் கடல் நீலமாக இருந்தது. வளைவுகள் நான் மதுரையில் பார்த்ததைவிட வெண்மையாகத் தெரிந்தன. கதிரைகள் நிரம்பின. அன்சார் கடைசி வரிசைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

5.30க்குச் சலங்கை ஒலித்தது. நான்கு தூண்களிலும், ஆளுயரத்தில், அறுத்த கோடு தெரிந்தது.