மில் ஓடும்போது எடுத்த அளவு

"தம்பி, உங்க சப்-வூஃபர் செத்துப்போச்சுங்க. ஒரு எட்டு வந்து பாத்துப்போடுங்க."

போனில் பேசியவர் சிங்காநல்லூர் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லின் முதலாளி. அவர் வீட்டு ஸ்டீரியோவை, பேஸ் என்கிற அடி ஒலிக்கான சப்-வூஃபர் பெட்டியோடு அமைத்துக் கொடுத்தவன் நான்.

தொண்ணூறுகளின் கடைசி. காந்திபுரத்தில் எங்கள் கடைக்கு அப்போதுதான் டிஜிட்டல் ஈக்வலைசர் வந்திருந்தது. ஆள் உட்காரும் இடத்தில் மைக்கை வைத்து, ஸ்பீக்கரில் ஒரு சோதனை இரைச்சலை ஓடவிட வேண்டும். அறையில் எந்த ஒலி தூக்கலாக இருக்கிறதோ அதை மெஷினே குறைத்துவிடும். ரூம் கரெக்‌ஷன் என்று பெயர். கோவையிலேயே அது தெரிந்த ஆள் நான்தான் என்று எனக்கு ஒரு நினைப்பு.

முதலாளியின் வீடு மில் காம்பவுண்டுக்குள்ளேயே இருந்தது. சுவரில் கை வைத்தால் அதிரும். அமைக்கப் போன அன்று கேட்டேன்.

"சார், ஒரு பத்து நிமிஷம் மில் மெஷினை நிறுத்த முடியுங்களா? மைக்குல அந்தச் சத்தமும் ஏறுதுங்க."

அவர் வயிறு குலுங்கச் சிரித்து மனைவியைக் கூப்பிட்டார். "அம்மணி, இங்க வா. இவரு பாட்டுக் கேக்கறதுக்கு மில்லை நிறுத்தோணுமாம்!" என்னிடம் திரும்பி, "எங்கப்பா தவறுன அன்னிக்குக்கூட மெஷின் நிக்கலீங்க. இப்படியே அளந்துபோடுங்க" என்றார்.

அளந்தேன். மைக்குக்கு மில் எது, ஸ்பீக்கர் எது என்று தெரியாது. மில்லின் உறுமலையும் அறையின் குற்றமாக எடுத்துக்கொண்டு சப்-வூஃபரை அந்த அளவுக்கு அடக்கிவிட்டது. அடியில் எப்போதும் அந்த உறுமல் இருந்ததால் அவருக்குக் குறை தெரியவில்லை.

போன் வந்த பிறகு போனால், கேட்டில் லாக்-அவுட் நோட்டீஸ். ஷிஃப்டுக்கு நிற்கும் பெண்கள் ஒருவரும் பஸ் ஸ்டாப்பில் இல்லை. வாட்ச்மேன் மட்டும் உட்கார்ந்திருந்தார். வீட்டுச் சுவரில் கை வைத்துப் பார்த்தேன். அதிரவில்லை. சப்-வூஃபருக்கு ஒன்றும் ஆகவில்லை என்று அப்போதே புரிந்துவிட்டது. ஆனாலும் ஒயரைக் கழற்றி மாட்டி நேரத்தைக் கடத்தினேன். பிறகுதான் சொன்னேன்.

"சார், செட் நல்லாத்தான் இருக்குதுங்க. அன்னிக்கு மில் சத்தத்தையும் சேத்து அளந்ததுங்க. இப்ப அது இல்லீங்களா..."

அவர் ஒயரை என் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தார்.

"அப்ப மறுபடி அளங்க. பத்து நிமிஷம் என்னங்க, எவ்வளவு நேரம் வேணும்னாலும் எடுத்துக்குங்க. எதுவும் ஓடல."

மைக்கை வைத்து மறுபடி அளந்தேன். அவ்வளவு சுத்தமான அளவு எனக்கு அதற்கு முன்னும் கிடைத்ததில்லை, பின்னும் கிடைத்ததில்லை. பேஸ் அருமையாக வந்தது. அவர் பாதிப் பாட்டுதான் கேட்டார்.

"சரியா இருக்குதுங்க. பழைய அளவு அழிஞ்சு போச்சுங்களா?"

"இல்லீங்க சார். அது மெமரி ஒண்ணுல இருக்குது. புதுசு ரெண்டுல."

"ஒண்ண அழிச்சுப்போடாதீங்க. மில்லு ஓட ஆரம்பிச்சா அதுதானுங்க வேணும்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி எழுந்து உள்ளே போய்விட்டார்.

மில் திரும்ப ஓடவில்லை. மெஷின்கள் பழைய இரும்புக்குப் போயின. வீட்டையும் காலி செய்கிறார்கள் என்று செட்டைக் கழற்றக் கூப்பிட்டார்கள். முதலாளி வாசலில் லாரிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். உள்ளே செட்டை நிறுத்துவதற்கு முன் ஈக்வலைசரின் டிஸ்ப்ளேயைப் பார்த்தேன். மெமரி ஒன்று. பக்கத்தில் நின்ற அவர் மனைவியிடம் கேட்டேன்.

"ஏனுங்கம்மா, நான் ரெண்டுல வெச்சுட்டுப் போனேனுங்களே?"

"நீங்க போன அன்னிக்கே மாத்திப்போட்டாருங்க. நல்லா இருக்கறத வெச்சுக் கேளுங்கன்னு நானும் எவ்வளவோ சொன்னேன். பேஸே இல்லாம அதைத்தான் தெனமும் போட்டுட்டு உக்காந்திருப்பாரு."

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். அளக்கும் முன் சுற்றியுள்ள சத்தத்தையெல்லாம் நிறுத்தச் சொல்லுங்கள். அதில்லாமல் எந்த அளவும் தேறாது. ஆனால் ஒரு வீட்டில் போய், "கொஞ்சம் எல்லாத்தையும் நிறுத்துங்க" என்று கேட்க எனக்கு இன்றும் நாக்கு எழுவதில்லை.