கொய்யா இலையும் மசியாத கிருமியும்

எங்க தொழிலே கொலைதான். ஆனா செத்தது நம்மாலதான்னு நிரூபிக்கறதுக்குள்ள நம்ம உயிர் போயிடும். ஆராய்ச்சி பண்ற அன்பர்களே, உங்களுக்குத் தெரியாததா!

தாம்பரம் பக்கம் ஒரு கல்லூரியில நான் ஆராய்ச்சி மாணவி. ஆன்டிபயாடிக்குக்கு மசியாத கிருமியை, அதே ஆன்டிபயாடிக்கோட கொய்யா இலைச் சாறையும் சேர்த்துக் கொல்ல முடியுமா? இதான் என் தலைப்பு. கைடு மேடம் கறாரா சொல்லிட்டாங்க: "இந்தத் தடவையும் ஒண்ணும் வரலேன்னா தலைப்பை மாத்திடு." மாத்தினா, எல்லாம் முதல்லேர்ந்து. அழுகை வராதா?

மடியில் மூட்டை

பம்மல்ல தோழி வீட்டு மரத்துல இலை பறிச்சு, மூட்டை கட்டி, ஷேர் ஆட்டோவுல மடியில வெச்சுக்கிட்டேன். பக்கத்துல இருந்தவங்க நெளிஞ்சாங்க. "மருந்து கண்டுபிடிக்க"ன்னு பெருமையா சொன்னேன். டிரைவர் கண்ணாடியில என்னையே பார்த்தார்.

"அக்கா, உண்மைய சொல்லு, வூட்ல எத்தினி ஆடு கீது?"

ஜாங்கிரி

தட்டு முழுக்கக் கிருமியைப் பரவ விட்டு, மருந்துல நனைச்ச பொட்டு சைஸ் காகித வில்லையை வைப்போம். கிருமி செத்தா, வில்லையைச் சுத்தி வட்டமா தெளிஞ்சிருக்கும். மறுநாள் பார்த்தா, அடேயப்பா, எவ்ளோ பெரிய வட்டம்! குதிச்சேன். ஜாங்கிரி வாங்கிட்டு மேடம் ரூமுக்கு ஓடினேன்.

"இலையை எதுல ஊற வெச்ச?"

"ஆல்கஹால்ல, மேடம்."

"அது முழுசா ஆவியாச்சா?"

அவசரத்துல அதை விட்டுட்டேன். ஒப்பிட்டுப் பார்க்க, வெறும் ஆல்கஹால்ல நனைச்ச வில்லையையும் பக்கத்துல வைக்கலை. ஆல்கஹால் பட்டா எந்தக் கிருமிதான் பிழைக்கும்? மானம் போச்சு. மேடம் நிதானமா ஒரு கடி கடிச்சாங்க.

"உன் கிருமி குடிச்சே செத்திருக்கு. ஜாங்கிரி நல்லாருக்கு."

நாலு வில்லை

இந்தத் தடவை சாறை நல்லா உலர்த்தி, தண்ணியில கரைச்சேன். மருந்து மட்டும், இலை மட்டும், வெறும் தண்ணி, மருந்தும் இலையும் சேர்ந்ததுன்னு நாலு வில்லை வெச்சேன். மறுநாள் மேடமே தட்டை வெளிச்சத்துல பிடிச்சாங்க. நான் கண்ணை இறுக்கி மூடிக்கிட்டேன்.

"பாரும்மா."

மூணு வில்லையைக் கிருமி ஒட்டி உட்கார்ந்திருந்தது. நாலாவதைச் சுத்தி மட்டும், சின்னதா, சுத்தமா ஒரு வட்டம்! மேடத்தையே கட்டிப்பிடிச்சுட்டேன்.

"விடும்மா, கையில உயிரோட கிருமி இருக்கு! தலைப்பு உனக்குத்தான். இதையே இன்னும் மூணு தடவை செஞ்சு காட்டு."

தப்பா வந்தாலும் திரும்பச் செய், சரியா வந்தாலும் திரும்பச் செய்னு சொல்ற ஒரே தொழில் எங்களோடதுதான்.