செடி எண்ண வந்தவர்

காட்டாமணக்கு எண்ணெயில் நாடே வண்டி ஓட்டும், வெளிநாட்டு முதலாளிகள் பக்கத்து நாடுகளை விட்டுவிட்டு நம்மிடம் ஓடி வருவார்கள் என்று அரசாங்கம் நம்பிய காலம். ரங்கூனில் வீட்டுக்கு இரண்டு செடி கட்டாயம்.

க்யிம்யிண்டைங் பேட்டையில் எங்கள் சந்துக்குச் செடி எண்ண வந்தவர் மடிப்புக் கலையாத லுங்கியும் காதில் செருகிய பென்சிலுமாக இருந்தார். கையில் ஒரு பாட்டில் தண்ணீர். எண்ணி முடித்ததும் ஒவ்வொரு தொட்டியிலும் கொஞ்சம் ஊற்றிவிட்டுத்தான் நகர்வார்.

சந்தில் எட்டு வீடு. மற்றதெல்லாம் பட்டுப்போய், பிழைத்திருந்தவை இரண்டே தொட்டிச் செடிகள். அவர் முன்வாசலில் நின்று எழுதும்போதே அவை பின்பக்கமாக அடுத்த வீட்டுக்குப் போய்விடும்.

கடைசி வீடு எங்களுடையது. பாட்டிலைச் சாய்க்கப் போனவர் நிறுத்திக்கொண்டார்.

"வேணாங்க்கா. ஏழு வீட்டுத் தண்ணி குடிச்சிருக்கு. இன்னும் ஊத்தினா அழுகிடும்."

அபராதமா, ஜெயிலா என்று எனக்கு வியர்த்துவிட்டது. அவர் நிதானமாக 'இரண்டு' என்று எழுதினார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"நாளைக்கு என் வீட்டுக்கு மேலதிகாரி எண்ண வர்றாரு. இந்த ரெண்டையும் கொஞ்சம் தர்றீங்களா?"

கொடுத்தேன். தொட்டிகள் திரும்பி வரவேயில்லை. அவருக்கு மேலே எத்தனை அதிகாரிகள் இருந்தார்களோ.