டப் என்ற சத்தம்

அந்த சூப்பர் மார்க்கெட்டில் சூப் கவுண்டரில் நிற்பவளை எல்லாரும் சூப்பக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். நாள் முழுக்க நின்று கால் மரத்துப்போகும். கப்பில் சூப்பை ஊற்றி, மூடியை வைத்து, 'டப்' என்று சத்தம் வரும்வரை உள்ளங்கையால் அழுத்த வேண்டும். சத்தம் வராவிட்டால் மூடி சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம். வழியில் சிந்தும், வாங்கியவர் திரும்பி வந்து வாய்க்கு வந்தபடி பேசுவார்.

"எதுக்குக்கா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீங்க? கொஞ்சம் சிரிச்சாத்தான் என்ன?" என்றாள் அன்று சூப் வாங்க வந்த ஒருத்தி.

'சிரிப்பும் வேணுமா? அதையும் மூடி போட்டுத் தர்றேன்' என்று சொல்ல நாக்கு துடித்தது. அடக்கிக்கொண்டு அடுத்த மூடியை அழுத்தினாள்.

ராத்திரி வீட்டில் புருஷன் காய்ச்சலில் சுருண்டு கிடந்தார். வெந்நீர் கொதிக்கவைத்து, டம்ளர் நிறைய ஊற்றி, அதன் வாயில் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். சத்தம் வரவில்லை. இன்னும் பலமாக அழுத்தினாள்.

"ஐயோ, என்ன பண்ற நீ? கைய எடு!" என்று பதறி எழுந்தார் அவர்.

கை சுட்ட பிறகுதான், தான் வீடு வந்து சேர்ந்துவிட்டதே அவளுக்கு உறைத்தது.