ரங்கநாயகியின் சின்னவன்

கீழச்சித்திரை வீதி ரங்கநாயகிக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து ஒரு கிருமியின் மேல் பிரியம் வந்தது. அது 1979. திருச்சியில் ஒரு பெண்கள் கல்லூரியில் உயிர்வேதியியல் பாடம் நடத்திக்கொண்டே டாக்டர் பட்டத்துக்கும் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள்.

நம் குடலில் குடியிருக்கும் பாக்டீரியா ஒன்று, தனக்கு வேண்டிய கொழுப்பைத் தானே தயாரித்துக்கொள்கிறது. அந்த வேலையைத் தொடங்கிவைக்கும் நொதியோ, தொட்டால் துண்டு துண்டாகக் கழன்றுவிடும் ஜாதி. அதில் ஆகச் சிறிய துண்டு, பயோட்டின் என்ற வைட்டமினைத் தன்மேல் ஒட்டவைத்துக்கொண்டிருக்கும். அந்தத் துண்டைச் சிதையாமல் பிரித்தெடுப்பதுதான் ரங்கநாயகியின் வேலை. அதன் முழுப் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் சத்திரம் பஸ் போய்விடும். அதனால் அவள் அதைச் 'சின்னவன்' என்றே அழைத்தாள்.

"இன்னிக்கு எப்படி இருக்கான் உன் சின்னவன்?" என்று கேட்பான் கணவன் சடகோபன். இன்ஷூரன்ஸ் ஆபீஸில் வேலை பார்ப்பவன்.

"சமத்தா இருக்கான். ஆனா துளி சூடு பட்டாலும் தாங்க மாட்டான். கரண்ட் போனா எனக்கு வயித்தைக் கலக்கறது."

தளிகை உள்ளில் சமைத்துக்கொண்டிருந்த மாமியார் கோமளவல்லியின் காதில் இது விழுந்தது. அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் கண் பட்டுவிடும். மறுநாளிலிருந்து மாட்டுப்பெண்ணைத் தண்ணீர்க்குடம் தூக்க விடவில்லை. மாதுளம்பழம் உரித்துக் கிண்ணத்தில் வைத்தாள். மாமியாருக்கு ஆராய்ச்சியின் மேல் இவ்வளவு மதிப்பா என்று ரங்கநாயகிக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அந்தச் சமயத்தில் ஆராய்ச்சிக்குள் முட்டை வந்து சேர்ந்தது. பச்சை முட்டையின் வெள்ளைக்கருவில் ஒரு புரதம் இருக்கிறது. பயோட்டினைப் பிடித்தால் விடாது, உடும்புப்பிடி. அதைச் சேர்த்ததும் நொதி வேலையை நிறுத்தினால், பயோட்டினைச் சுமப்பவன் அங்கே இருக்கிறான் என்று அர்த்தம். அந்தப் புரதம் வெளிநாட்டிலிருந்து வர மாதக்கணக்காகும். முட்டையோ காந்தி மார்க்கெட்டில் கிடைக்கும்.

அங்கே அப்துல் மாலிக்கின் முட்டைக்கடை முன்னால் நான்கு முழம் தள்ளி நின்று, ரங்கநாயகி விரலை நீட்டினாள்.

"ரெண்டு டஜன்... அது."

"எதும்மா?"

"அதுதான்."

"முட்டைன்னே சொல்லுங்கம்மா, கடிக்காது" என்றார் மாலிக்.

வாராவாரம் வாங்கினாள். வெள்ளைக்கரு ஆய்வுக்கூடத்துக்கு; மஞ்சள்கரு அட்டெண்டர் தங்கையன் வீட்டுக்கு. ஆராய்ச்சியின் முதல் பலன் தங்கையனின் கன்னத்தில்தான் தெரிந்தது.

தெருக்காரர் யாரோ அவள் முட்டை வாங்குவதைப் பார்த்துவிட்டார்கள். செய்தி வந்த பிறகு கோமளவல்லி இரண்டு நாளும் பெருமாள் சன்னதிக்குப் போய் வந்தாள். சனிக்கிழமை காலை மாட்டுப்பெண்ணைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டாள்.

"டாக்டர் சொன்னாரா?"

"எதைம்மா?"

"முட்டையை." குரல் தணிந்தது. "உடம்புக்கு வேணும்னா சாப்பிடு. பெருமாள் கோச்சுக்க மாட்டார், நான் சேவிச்சுக் கேட்டுண்டுட்டேன். தட்டு மட்டும் தனியா வெச்சுக்கோ, தளிகை உள்ளுக்குக் கொண்டு வராதே. குழந்தை நன்னா பொறக்கட்டும்."

"எந்தக் குழந்தை?"

"சின்னவன்டி!"

ரங்கநாயகிக்கு முதலில் சிரிப்பு வந்தது. மாமியாரின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. துவைக்கும் கல்லில் உட்கார்ந்து, பாக்டீரியாவிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னாள்.

கோமளவல்லி துவைக்கும் கல்லின் மறு ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"அப்போ சின்னவன் ஒரு கிருமி?"

"கிருமிக்குள்ளே இருக்கற ஒரு துண்டும்மா."

"கிருமியோட துண்டுக்கா நான் மாதுளம்பழம் உரிச்சேன்?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். அப்புறம் கோமளவல்லி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சிரித்ததாலா என்று ரங்கநாயகி கேட்கவில்லை. மாமியாரின் கையை மட்டும் பிடித்துக்கொண்டாள்.

பங்குனியில் ஒருநாள் பஸ் இறங்கி ஓடிவந்தாள். "அம்மா, நின்னுடுத்து! வெள்ளைக்கரு பட்டதும் நொதி அப்படியே நின்னுடுத்து!"

"அடப்பாவமே! இத்தனை நாள் பாடுபட்டது அதை நிறுத்தறதுக்கா?" என்றாள் கோமளவல்லி. நின்றால்தான் ஜெயம் என்று புரியவைக்க அன்று ராத்திரிச் சாப்பாடு முடியும்வரை ஆயிற்று.

1983-இல் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு; யார் வேண்டுமானாலும் வந்து கேட்கலாம். கோமளவல்லி மடிசார் பட்டில் வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தாள். மெட்ராஸிலிருந்து வந்த பரீட்சகர் கேள்விமேல் கேள்வியாகக் கேட்டார். ரங்கநாயகிக்கு நெற்றி வேர்த்தது.

"ஏண்டா சடகோபா, அந்த மனுஷர் குழந்தையை ஏன் இந்தப் பாடு படுத்தறார்?"

காதோடு சொன்னதாகத்தான் அவள் நினைத்திருந்தாள். ஹால் முழுக்கக் கேட்டது. பரீட்சகர் சிரித்தபடி கண்ணாடியைக் கழற்றி, ரங்கநாயகியிடம் "போதும்மா, உட்காருங்க" என்றார்.

பட்டம் கிடைத்தது. அதற்குப் பிறகு தெருவில் யாருக்குக் காய்ச்சல், யாருக்கு மூட்டுவலி என்றாலும் கோமளவல்லி, "எங்காத்து டாக்டர்கிட்டே காட்டுங்கோ" என்று அழைத்து வந்துவிடுவாள். ரங்கநாயகி அவர்களுக்குக் காபி கொடுத்து, கோபுரத்தருகே இருந்த நிஜ டாக்டரிடம் அனுப்பிவைப்பாள்.